கையேட்டில் 8 ஜிபி, போர்டில் 16 ஜிபி: ரேம் எல்லையை எப்போது தாண்டலாம்

டெல் ஆப்டிபிளெக்ஸ் 3010 கையேட்டில் அதிகபட்ச ரேம் 8 ஜிபி என்று போட்டிருக்கும். இரண்டு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் மாட்டினால் 16 ஜிபியும் முழுசாகத் தெரியும், ஓடவும் செய்யும். அதற்கு முந்தைய 390 மாடலும் இதே மாதிரிதான். நாலு ஸ்லாட் உள்ள 790க்கு எழுதியிருப்பது 16, ஏறுவது 32. லெனோவோவின் குட்டிப் பெட்டி எம்720கியூவுக்குத் தாளில் 32, நிஜத்தில் 64.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் லீஸ் முடிந்து வருகிற கம்பெனி சிஸ்டம்களை வாங்கி ஓட்டுகிறவர்கள் ஏராளம். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ, பனியன் கம்பெனியின் பிரிண்ட் டிசைன் அறை, எம்பிராய்டரி டிசைன் போடும் இடம் என எங்கே போனாலும் இந்தப் பெட்டிகள்தான். "இந்த மாடலுக்கு இவ்வளவுதானுங்க ஏறும், புதுசே எடுத்துக்குங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால், ரேமோடு முடிய வேண்டிய செலவு ஒரு முழு சிஸ்டத்தில் போய் நிற்கும். மறுபக்கம், எல்லாமே ஏறும் என்று நம்பி 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கை வாங்கிவந்து கையைப் பிசைகிறவர்களும் உண்டு. எந்த எல்லையைத் தாண்டலாம், எது தாண்டவே முடியாத சுவர் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

தாளில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது

ஒரு மாடல் வெளியாகும் நாளில் சந்தையில் கிடைக்கிற, அல்லது அந்தக் கம்பெனியே விற்கிற பெரிய ரேம் எதுவோ, அதை எல்லா ஸ்லாட்டிலும் போட்டுச் சோதித்துக் கூட்டுத்தொகையை எழுதுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து அதைவிட இரண்டு மடங்கு ரேம் வந்தாலும், விற்று முடித்த பழைய மாடலை எடுத்து யாரும் மறுபடி சோதிப்பதில்லை. ஆக, தாளில் இருப்பது "இதுவரை சோதித்தோம், இதற்கு நாங்கள் பொறுப்பு" என்ற எண். அதற்கு மேல் ஓடாது என்று அதற்கு அர்த்தமில்லை.

உண்மையான எல்லை, ரேமில் எழுதிப் படிக்கும் வேலையைச் செய்யும் மெமரி கண்ட்ரோலரின் கையில் இருக்கிறது. இன்டெல் மெஷின்களில் 2008 வரை அது மதர்போர்டில் இருக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருந்தது; அந்த வருஷக் கடைசியில் வந்த முதல் கோர் ஐ7 முதல் பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. ஏஎம்டி 2003லேயே உள்ளே கொண்டுபோய்விட்டது. அதனால் பெட்டியின் மாடல் எண்ணைவிட பிராசஸர் எந்தத் தலைமுறை என்பதுதான் முதல் கேள்வி.

இனிக் கணக்கு. டெஸ்க்டாப் ரேமின் அகலம் 64 பிட். எக்ஸ்8 வகைச் சிப் ஒன்று 8 பிட் தரும். எட்டுச் சிப் சேர்ந்தால் 64. இந்த எட்டுக்கு ஒரு ரேங்க் என்று பெயர். நாம் வாங்கும் சாதா ரேமில் ஒரு ரேங்க் இருக்கும், அல்லது இரண்டு. சிப் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி, என்றால் ஒரு ரேங்க் 4 ஜிபி, இரண்டு ரேங்க் 8 ஜிபி. 8 ஜிகாபிட் சிப் என்றால் இரண்டு ரேங்கில் 16 ஜிபி. 16 ஜிகாபிட் என்றால் 32 ஜிபி. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கண்ட்ரோலருக்கு எவ்வளவு பெரிய சிப்பைப் படிக்கத் தெரியும்? அது தெரிந்தால் ஒரு ஸ்டிக்கின் உச்ச அளவு தெரிந்துவிடும்; ஸ்லாட் எண்ணிக்கையால் பெருக்கினால் மெஷினின் நிஜ எல்லை.

"படிக்கத் தெரிவது" என்றால் என்ன என்பதையும் பார்த்துவிடலாம். டிடிஆர்4இல் 8 ஜிகாபிட் எக்ஸ்8 சிப்பின் வரிசை முகவரிக்கு 16 பிட் போதும். 16 ஜிகாபிட் சிப்புக்கு 17 வேண்டும். அந்தப் பதினேழாவது பிட்டுக்கான பின் டிடிஆர்4 தரத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது, வேறொரு சிக்னலோடு ஒரே பின்னைப் பகிர்ந்துகொண்டு. அதனால் பழைய மதர்போர்டிலும் அதற்கான பாதை ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிட்டைப் பயன்படுத்தக் கண்ட்ரோலருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆன் செய்தவுடன் ரேமைத் தயார்செய்யும் பயாஸ் பகுதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயாஸ் அப்டேட்டில் திடீரென்று எல்லை உயர்வது இதனால்தான்.

சங்ககிரி லாரியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிற மாதிரி விஷயம் இல்லை இது. மெஷின் மேட்டில் திணறாது, அச்சு முறியாது. படிக்கத் தெரிந்தால் முழு அளவும் ஓடும். தெரியாவிட்டால் டிஸ்ப்ளே வராது, அல்லது பாதி மட்டும் தெரியும். கூடுதல் மின்சாரமும் ஸ்டிக்குக்குச் சில வாட்தான். பவர் சப்ளையை மாற்றச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

எந்தத் தலைமுறைக்கு எங்கே சுவர்

இன்டெலின் பழைய 945 சிப்செட் போர்டுகளின் மொத்த முகவரி இடமே 4 ஜிபிதான். அதிலும் கிராபிக்ஸ், பிசிஐ போன்றவற்றுக்குப் போக மூன்றேகால் ஜிபி அளவில் நிற்கும். 64 பிட் விண்டோஸ் போட்டாலும் மாறாது. ஜி31 என்றால் 4, ஜி41 என்றால் 8. இவை மூன்றும் நிஜச் சுவர்கள். ஜி41இல் இன்னொரு சிக்கலும் உண்டு: அதற்கு 2 ஜிகாபிட் சிப் வரைதான் தெரியும். அதனால் 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கில் இருபுறமும் சேர்த்துப் பதினாறு சிப் இருந்தால் ஏறும். எட்டே சிப் இருந்தால் ஏறாது. ஸ்டிக்கர் இரண்டிலும் 4 ஜிபி என்றுதான் இருக்கும். "அதே ரேம் பக்கத்துக் கடை சிஸ்டத்தில் ஓடுகிறதே" என்ற குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இன்டெல் 2, 3, 4ஆம் தலைமுறைகள் மூன்றுக்கும் உச்சம் 32 ஜிபி, ஸ்டிக்குக்கு 8. ஸ்லாட் இரண்டே உள்ள எச்61 போர்டில் 16தான் முடிவு. டிடிஆர்3இல் 16 ஜிபி ஸ்டிக் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு 8 ஜிகாபிட் சிப் தேவை, இந்தத் தலைமுறைகளுக்கு அது தெரியாது. எந்தப் பயாஸ் அப்டேட்டும் இதை மாற்றாது. 3010, 390, 790 மாடல்களில் நாம் தாண்டுவது டெல் எழுதிய எண்ணை மட்டும்தான், இன்டெல் கட்டிய சுவரை இல்லை.

6, 7ஆம் தலைமுறைகளுக்கு இன்டெல் சொல்லும் எண் 64: ஸ்டிக்குக்கு 16 வீதம் நாலு ஸ்லாட். இரண்டு ஸ்லாட் போர்டில் 32 வரை கவலையே இல்லை. 32 ஜிபி ஸ்டிக்குக்கு இங்கே அதிகாரப்பூர்வ ஆதரவு கிடையாது. கடையிலேயே மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சுவாரசியம் 8, 9ஆம் தலைமுறைகளில். வெளியானபோது இவற்றுக்கும் 64 என்றுதான் இன்டெல் எழுதியிருந்தது. 16 ஜிகாபிட் சிப் சந்தைக்கு வந்த பிறகு தன் பட்டியலையே 128 ஆக்கிவிட்டது. சிலிக்கானில் ஒன்றும் மாறவில்லை, எழுதிய எண்தான் மாறியது. ஆனால் பெட்டி செய்த கம்பெனிகள் பலவும் தங்கள் பழைய தாள்களைத் திருத்தவில்லை. எம்720கியூவில் 64 ஏறும் ரகசியம் இதுதான்: இரண்டு லேப்டாப் அளவு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 32. இன்றைக்கு விலையும் வேலையும் பொருந்துகிற பேரம் இந்த இரண்டு தலைமுறைகள்தான் என்பது என் கணிப்பு.

ஏஎம்டியின் ரைசன் பிராசஸருக்கான ஏஎம்4 போர்டுகளும் அப்படியே. பி450 போன்ற போர்டுகளின் அட்டைப்பெட்டியில் 64 என்று அச்சடித்திருக்கும். புதிய பயாஸ் போட்டால் நாலு ஸ்லாட்டில் 128 ஏறும். டிடிஆர்5இல் 2023இல் 24, 48 ஜிபி ஸ்டிக்குகள் வந்தபோதும் இதே கதைதான்: 128 என்றிருந்த போர்டுகள் பயாஸ் அப்டேட்டில் 192 ஆயின. அங்கே ஒரு விலை கொடுக்க வேண்டும். நாலு ஸ்லாட்டிலும் இரட்டை ரேங்க் போட்டால் வேகம் 3600 வரை இறங்கிவிடும். டிடிஆர்5க்கு நாலை நிரப்புவதைவிட இரண்டு பெரிய ஸ்டிக்கே மேல்.

பிராசஸரின் சுவரைப் பார்த்தாயிற்று. விண்டோஸிலும் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடும், ஹோம் பிரீமியம் 16 ஜிபியோடும் நின்றுவிடும். விண்டோஸ் 10 ஹோம் 128 வரை போகும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் எதைப் போட்டும் பலனில்லை. பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்காக 32 பிட்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பவர்ஷெல்லிலோ லினக்ஸில் டிஎம்ஐடிகோடிலோ "மேக்ஸிமம் கெபாசிட்டி" என்று ஓர் எண் வரும். விண்டோஸில் 33554432 என்று வந்தால் அது கிலோபைட்டில். 1048576ஆல் வகுத்தால் 32 ஜிபி. பலர் இதைக் கண்ட்ரோலரே சொன்ன பதில் என்று நினைக்கிறார்கள். அது பயாஸ் எழுதியவர் ஒரு கட்டத்தில் நிரப்பி வைத்த எண், அவ்வளவுதான். கையேட்டில் உள்ள அதே எண் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும். 32 என்று சொல்லிக்கொண்டே 64ஐ முழுசாக ஓட்டும் மெஷின்கள் இருக்கின்றன. இன்டெல் தளத்தில் பிராசஸர் பக்கத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் மாடல் பெயரோடு இன்னொருவர் அதே அளவு போட்டு ஓட்டியிருக்கிறாரா என்று தேடுங்கள்.

கடையில் நிற்கும்போது

ரேம் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் ஜிபியை விடுங்கள், அதற்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்துதான் விஷயம். 2ஆர்எக்ஸ்8 என்றால் இரண்டு ரேங்க், எக்ஸ்8 சிப், ஆகப் பதினாறு சிப். 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டு. 1ஆர்எக்ஸ்16 என்றால் நாலே சிப். வேகத்திலும் கொஞ்சம் பின்தங்கும், பழைய போர்டில் தகராறும் செய்யும். ஸ்டிக்கர் ஒன்று சொல்லி, சிப்பை எண்ணினால் வேறொன்று வந்தால் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அந்த ரேமை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வேக எண்ணோடு ஒட்டி வரும் எழுத்து. பிசி3-12800 என்பதற்குப் பின்னால் யூ என்றிருந்தால் சாதா டெஸ்க்டாப் ரேம். ஆர் என்றிருந்தால் ரெஜிஸ்டர்டு, அதாவது சர்வர் ரேம். செகண்ட்ஸ் சந்தையில் 16 ஜிபி சர்வர் ரேம் மலிவாகக் கிடைக்கும். டிடிஆர்3 ஆனாலும் டிடிஆர்4 ஆனாலும், அதே வகையின் சர்வர் ரேமுக்கும் டெஸ்க்டாப் ரேமுக்கும் பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். உட்காரும், ஓடாது. டெஸ்க்டாப் கோர் ஐ வரிசை எதுவும் அதை ஏற்காது. இன்டெலின் சர்வர் வகைப் பிராசஸரான ஜியான் போட்ட ஒர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது நல்ல சரக்கு, அதுவும் அந்த மாடல் ரெஜிஸ்டர்டு ரேமை ஏற்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு.

இன்னும் மோசமான பொறி, ஆன்லைனில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சின்னதாக எழுதி விற்கும் டிடிஆர்2, டிடிஆர்3. விலையைப் பார்த்தால் கை பரபரக்கும். அதில் எக்ஸ்4 சிப்புகள் இருக்கும். பதினாறு சிப் சேர்ந்தால்தான் ஒரு ரேங்க். இன்டெல் டெஸ்க்டாப் கண்ட்ரோலர்களுக்கு எக்ஸ்4 தெரியாது. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். விளம்பரத்தில் அந்தச் சொற்களைத் தேடுவதுதான் ஒரே வழி.

வோல்டேஜ் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். டிடிஆர்3எல் (1.35 வோல்ட்) பழைய 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் ஓடும். 1.65 வோல்ட் கேட்கும் கேமிங் டிடிஆர்3 மட்டும் கம்பெனிப் பெட்டிக்கு ஆகாது. வேகம் கூடுதலாக இருந்தால் தவறில்லை: 3200 ரேம் 8ஆம் தலைமுறை ஐ5இல் 2666க்கு இறங்கி ஓடும். குட்டிப் பெட்டி என்றால் லேப்டாப் அளவு ரேம்; பில் போடும் முன் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை நன்றாக ஏறியிருக்கிறது. அதனால் வாங்கும்போது பேச வேண்டிய பேச்சு தள்ளுபடி இல்லை. "ஏனுங்க, டிஸ்ப்ளே வரலீன்னா திருப்பி எடுத்துக்குவீங்ளா?" என்பதுதான். காந்திபுரம் பக்கக் கடை என்றால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். குட்டிப் பெட்டி ஒரு கட்டைப் பைக்குள் அடங்கும். பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ வருகிறவர்கள், திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மாட்டுவதற்கு முன்

பயாஸ் அப்டேட்டைப் பழைய ரேம் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புது ரேம் போட்டு டிஸ்ப்ளே வராத மெஷினில் பயாஸைப் போட முடியாது. டெல்லின் 2012க்குப் பிந்தைய மாடல்கள் பலவற்றில், அப்டேட் கோப்பை ஃபேட்32 பென்டிரைவில் வைத்து, ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் பயாஸ் ஃபிளாஷ் வரி வரும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை இடைநிறுத்துங்கள், ரெகவரி கீயையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். பயாஸ் எழுதும் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். யூபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈபியின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று இந்த வேலையைத் தொடாதீர்கள். கரண்ட் வருகிற நேரம் அவர்கள் சொன்னபடி அமையும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்தது பஞ்சு. திருப்பூர் நிட்டிங் யூனிட்டிலோ பல்லடம் தறிக் கூடத்திலோ இரண்டு வருஷம் நின்ற சிஸ்டத்தைத் திறந்தால் பிராசஸர் விசிறியில் வெள்ளைக் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். அதைவிட முக்கியம், காலியாக இருந்த ரேம் ஸ்லாட்டின் பள்ளத்துக்குள் மெல்லிய இழை இறங்கி அமர்ந்திருக்கும். அதன் மேலேயே ரேமை அழுத்தினால் இழை இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கி நிற்கும். மேலே பார்த்தால் கிளிப் சரியாகப் பூட்டியிருக்கும். புது ரேம் கெட்டது என்று கடைக்குத் திரும்பும் ஸ்டிக்குகளில் பல கெட்டவையே இல்லை. காலி ஸ்லாட்டை டார்ச் அடித்துப் பார்த்து, உலர்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் நீளவாக்கில் தள்ளி, பிறகு புளோயர் பிடியுங்கள். யூனிட்டில் இருக்கும் கம்ப்ரசரில் ஏர் பிடிக்கிறவர்கள் முதலில் காற்றைத் தரையில் விட்டுப் பார்க்க வேண்டும்: டேங்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கும். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் போய்விடும். பழைய ரேமின் தங்க முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது உத்தமம்; பென்சில் ரப்பர்தான் கிடைக்கிறதென்றால் ஒருமுறை மெல்லத் தேய்த்து, துகளை முழுசாகத் துடைத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நாலு ஸ்லாட் போர்டில் எந்த இரண்டை முதலில் நிரப்புவது என்று போர்டிலேயே எண்ணோ நிறமோ இருக்கும். இரண்டு பக்கமும் கட்டைவிரலால் சமமாக அழுத்தினால் கிளிப் தானாக ஏறி "டக்" என்று பூட்டும். நாமாகக் கிளிப்பைத் தள்ளி மூடக் கூடாது. குட்டிப் பெட்டியில் ரேமைச் சாய்வாகச் செருகி, தங்கப் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போன பிறகே கீழே அமுக்க வேண்டும்.

முதலில் புது ஸ்டிக் ஒன்றை மட்டும் போடுங்கள். ஆன் செய்தால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும். கண்ட்ரோலர் புது ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. டிடிஆர்5இல் இது பல நிமிடம் போகும். பொறுக்காமல் பவரை ஆஃப் செய்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒன்று ஓடினால் அதை எடுத்துவிட்டு மற்றொன்று, பிறகு இரண்டும் சேர்த்து. சோம்பலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு டிஸ்ப்ளே வராவிட்டால், பிரச்சினை எதில் என்று கண்டுபிடிக்க இரண்டு மடங்கு வேலை.

வராவிட்டால்

டிஸ்ப்ளே வரவில்லையா? முதலில் சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளை அழிப்பது. பயாஸ் பழைய ரேமின் அளவீடுகளை நினைவில் வைத்துக்கொண்டு அதையே புது ரேமுக்கும் போட்டுப் பார்க்கும். சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பிளக் இல்லாத நிலையில் சில நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அதே ஸ்லாட்டில் பழைய ரேமைப் போட்டுப் பாருங்கள். பழையதும் அங்கே ஓடவில்லை என்றால் குற்றம் புது ரேமில் இல்லை: ஸ்லாட், அல்லது பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது கூலர் ஸ்குரூவை ஒரே பக்கம் அதிகமாக முறுக்கியது. செகண்ட்ஸ் மெஷினில் ஒரு சேனல், அதாவது பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு பாதை, முழுதும் செத்திருப்பதற்கு இந்தக் கடைசிக் காரணம் அடிக்கடி அகப்படும். டெல்லின் அண்மை மாடல்கள் பலவற்றில் பவர் விளக்கு மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் ஐந்து என்று சிமிட்டினால் "பொருந்தாத மெமரி" என்று பொருள். ஸ்டிக்கின் வகை தப்பு, கடையில் மாற்றுங்கள்.

16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டு 8 மட்டும் தெரிந்தால், கண்ட்ரோலரோ பயாஸோ மேல் முகவரிப் பிட்டைப் பயன்படுத்தவில்லை. பயாஸ் அப்டேட் இருந்தால் முயலலாம். இல்லாவிட்டால் அதுதான் சுவர். பயாஸில் முழு அளவும் தெரிந்து விண்டோஸில் குறைந்தால் விஷயம் வேறு. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஹார்டுவேர் ரிசர்வ்டு" எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் உள்ளமை கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது, சகஜம். பல ஜிபி என்றால் விண்டோஸ் பதிப்பின் எல்லையாக இருக்கலாம். அல்லது எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் தாவலின் கூடுதல் அமைப்புகளில் "மேக்ஸிமம் மெமரி" டிக்கை யாரோ போட்டு விட்டிருக்கலாம். வேகம் கூடும் என்று ஏதோ வீடியோ பார்த்துப் போட்ட டிக் அது. எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரி.

ரேம் கூட்டினால் மெஷின் மெதுவாகும் காலமும் ஒன்று இருந்தது. பென்டியம் காலத்து 430டிஎக்ஸ் சிப்செட்டால் முதல் 64 எம்பியை மட்டும்தான் கேஷ் செய்ய முடியும். அதற்கு மேல் போட்டால் மெஷின் இழுக்கும். "அதிகம் போட்டால் ஸ்லோ ஆகும்" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம்.

முழு அளவும் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே பில்லிங்கைத் தொடங்கிவிடாதீர்கள். எல்லையைத் தாண்டிய ரேமில் வரும் கோளாறு, பழைய எல்லைக்கு மேற்பட்ட பகுதியைத் தொடும்போதுதான் தலைகாட்டும். காலையில் லேசான வேலையில் ஒன்றும் தெரியாது. மாலையில் பெரிய ஃபைல் சேவ் ஆகும்போது நீலத்திரை வரும், அல்லது அதைவிடக் கொடுமையாக ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம், 2022இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) மெஷினிலும் நேரடியாக ஓடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டி வரலாம். 64 ஜிபிக்கு ஒரு சுற்றே பல மணி நேரம் ஆகும், சாயங்காலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமை ஏற்காதீர்கள். "ஒரு எரர்தானுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிற பேச்சு ரேம் விஷயத்தில் செல்லாது.

யாருக்கு எவ்வளவு

டேலியும் எக்செல்லும் பிரவுசரும் மட்டும் ஓடும் மேசைக்கு 8 ஜிபி போதும். அங்கே ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் முதல் வேலை. கல்யாண ஆல்பம் வேறு. 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ: 3600க்கு 10800 பிக்சல். 8 பிட் நிறத்தில் முழுப் பரப்பை மூடும் ஒரு லேயருக்கே 117 எம்பி. முப்பது நாற்பது லேயர், அதோடு ஃபோட்டோஷாப் திரும்பிப் போக வைத்திருக்கும் ஹிஸ்டரி, இரண்டு மூன்று ஷீட் ஒரே நேரத்தில் திறந்திருப்பது என்று சேர்த்தால் 16 ஜிபி மூச்சு முட்டும், 32இல் நிம்மதி. துணி முழுக்க ஓடும் பிரிண்ட் டிசைனுக்கும் 4கே வீடியோ எடிட்டிங்குக்கும் 64 வீண் போகாது. ரேம் கூட்டிய பிறகு ஃபோட்டோஷாப்பின் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் மெமரி பங்கு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி சின்னதாக இருந்தால் ஒரு வேலை மீதமிருக்கிறது. விண்டோஸ் 10, 11இல் ஹைபர்னேஷன் கோப்பின் இயல்பான அளவு ரேமில் 40 சதவீதம். 64 ஜிபி போட்டால் சி டிரைவில் 25 ஜிபிக்கு மேல் அது பிடித்துக்கொள்ளும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் பத்தில் ஒரு பங்கு. டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட் யாருக்கும் வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் அந்த இடம் உடனே திரும்பி வந்துவிடும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். எஸ்எஸ்டி மெஷினில் சில விநாடி வித்தியாசம்தான்.